கன்சோல் வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளுக்கு வீடியோ கேம் ஆட எந்தக் கன்சோல் வாங்கலாம், பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டென்டோவா என்று கேட்டிருந்தாய். முதலில் பிள்ளைகள் இருவரிடமும் அவர்கள் விளையாட நினைக்கும் கேம்களின் பெயரை எழுதி வாங்கு. மாரியோ கார்ட் வேர்ல்ட் நின்டென்டோவின் சுவிட்ச் 2-ஐத் தவிர வேறெதிலும் ஓடாது. மைன்கிராஃப்ட் எல்லாவற்றிலும் ஓடும்.

அடுத்து, ஒரே சோபாவில் இருவரும் சேர்ந்து ஆட முடியுமா என்று பார். கேம் பெட்டியில் 'நால்வர் ஆடலாம்' என்று போட்டிருக்கும். பல கேம்களில் அது இணையம் வழியாக, ஆளுக்கொரு கன்சோலோடு ஆடுவதைத்தான் குறிக்கும். ஃபோர்ட்நைட்டில் திரையை இரண்டாகப் பிரித்து ஆடும் வசதி பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸில் உண்டு. பழைய சுவிட்சில் இல்லை. இதைக் கவனிக்காமல் வாங்கினால், முதல் நாளே சண்டை.

மாப்பிள்ளைக்கு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) மேல் கண் என்று தெரியும். படத்தின் தரத்தில் அது சுவிட்ச் 2-ஐ விட மேல். ஆனால் ஏழு வயதும் பன்னிரண்டு வயதும் உள்ள வீட்டுக்கு நான் சுவிட்ச் 2-ஐத்தான் சொல்வேன். அதோடு வரும் ஜாய்-கான் என்ற சிறிய கன்ட்ரோலர் இரண்டையும் பல கேம்களில் ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆடலாம். மற்ற இரண்டிலும் பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும். டிவியை வேறு யாராவது பார்த்தால் சுவிட்ச் 2-ஐக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். விலை குறைவு என்று சுவிட்ச் லைட்டை மட்டும் வாங்கிவிடாதே, அதை டிவியில் இணைக்கவே முடியாது.

செலவு கன்சோலோடு முடிவதில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே கிடையாது, ஆகவே பழைய டிஸ்க் வாங்குவதோ விற்பதோ நடக்காது. அதன் 512 ஜிபி மாடலில் கேம்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 364 ஜிபிதான். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டிவிடும். பிஎஸ்5 கேம்களை யுஎஸ்பி டிரைவில் சேமித்து வைக்கலாம், அதிலிருந்து ஓட்ட முடியாது. இடம் போதாவிட்டால் ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் தகடு) உள்ள எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவை வாங்கி உள்ளே பொருத்த வேண்டும். சுவிட்ச் 2-க்கு கூடுதல் இடத்துக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற மெமரி அட்டைதான் வேண்டும், வீட்டில் கிடக்கும் சாதாரண அட்டையில் கேம் ஏறாது. இன்னொன்று: சுவிட்ச் 2-இன் சில கேம் அட்டைகளில் 'கேம்-கீ' என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் சாவி மட்டும்தான் இருக்கும். கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆடும்போதெல்லாம் அட்டையும் செருகியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முந்தின இரவே பெட்டியைப் பிரித்து அப்டேட்டுகளை முடித்துவிடு. காற்றுப் போகாத டிவி அலமாரிக்குள் வைக்காதே, சூடேறி அணைந்துவிடும். டிவியில் கேம் மோடைப் போடு. இல்லையென்றால் பட்டனை அழுத்திச் சற்றுத் தாமதித்துத்தான் திரையில் அசையும்.

பிள்ளைகளுக்கு உண்மையான வயதைக் கொடுத்துக் குழந்தைக் கணக்கு தொடங்கு. பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் பெரியவர் கணக்காகத் திறந்தால் நேரக் கட்டுப்பாடு பிடிக்காது. நின்டென்டோவின் பெற்றோர் செயலியில் நேர வரம்பு வைத்தாலும், நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டும்தான் வரும். கேம் தானாக நிற்க, அதை நிறுத்தும் அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். எந்தக் கன்சோலானாலும், அதன் இணையக் கடையில் எதையும் வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி வை. உன் கணக்குக்கும் பூட்டுப் போடு. அதன் வழியாக நுழைந்துதான் பிள்ளைகள் தப்பிப்பார்கள். பூட்டின் பின் (PIN) எண்ணாகப் பிறந்த வருடத்தை வைக்காதே, மூத்தவன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

அன்புடன்,
அப்பா