எவ்வளவு ஆழம் தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள்: இரத்தப் புற்றுநோய் ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இரத்தப் புற்றுநோய்க்கான ஆய்வகங்களை நடத்தும் நோயியல் வல்லுநர்களுக்கும், அவர்களுடைய அறிக்கைகளைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானிக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

லுக்கேமியா சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மருத்துவ அறிக்கைகளைப் படித்து விளக்கும் தன்னார்வலன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு உடலில் இன்னும் எவ்வளவு புற்றுநோய்ச் செல்கள் எஞ்சியிருக்கின்றன என்று அளக்கும், எம்ஆர்டி என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் எஞ்சிய நோய்ப் பரிசோதனையின் அறிக்கைகள் சிலவற்றில் ‘நெகட்டிவ்’ என்ற முடிவு மட்டுமே இருக்கிறது. எத்தனை செல்களை எண்ணிய பிறகு அந்த முடிவுக்கு வந்தீர்கள், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் உங்கள் முறைக்கு நோய் தென்படாது, மாதிரி சிகிச்சையின் எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்ற விவரங்கள் அவற்றில் இல்லை. இந்த விவரங்களை ஒவ்வோர் அறிக்கையிலும் தவறாமல் அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். இதைப் படிக்கும் பெற்றோருக்காக அது இங்கே தேவைப்படுகிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா கண்டறியப்படும் வேளையில் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றுநோய்ச் செல்கள் இருக்கும். முதல் கட்டச் சிகிச்சை முடிந்து, எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது நோய்ச் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தால் அதை ரிமிஷன் என்கிறோம். அந்த நிலையிலும் ஆயிரம் கோடி செல்கள் வரை உடலுக்குள் தங்கியிருக்கக்கூடும். ஒரே நாளில் ரிமிஷன் என்று சொல்லப்பட்ட இரண்டு பிள்ளைகளின் உடலில் எஞ்சியிருக்கும் நோய் பல ஆயிரம் மடங்கு வேறுபடலாம். மைக்ராஸ்கோப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதை அளக்கத்தான் செல்களின் மேற்பரப்பு அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும், மரபணுப் பகுதிகளைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் (PCR) முறையும் வந்தன.

அந்த அளவு பிள்ளையின் எதிர்காலத்தை எவ்வளவு தூரம் சொல்லும் என்பதற்கு, அமெரிக்காவின் சிறார் புற்றுநோய்க் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான சான்று. 2,143 பிள்ளைகளைக் கொண்ட அந்த ஆய்வில், 29ஆம் நாள் மஜ்ஜையில் எஞ்சிய நோய் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்களில் 88 சதவீதத்தினர் ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமலும் வேறு இழப்பு நேராமலும் கடந்தார்கள். 0.01 முதல் 0.1 சதவீதம் வரை இருந்தவர்களில் அப்படிக் கடந்தவர்கள் 59 சதவீதம் மட்டுமே. பத்தாயிரம் செல்களில் ஒன்று என்ற மெல்லிய கோட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இனி அந்தக் கோட்டை எட்டுவதற்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆய்வகம் ஒரு லட்சம் செல்களை மட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் ஓட்டினால், 0.01 சதவீதம் என்பது 10 செல்கள்தான். அவற்றை நம்பகமான ஒரு கூட்டம் என்று அடையாளம் காண்பது கடினம் என்பதால்தான் குறைந்தது 20 முதல் 50 செல்களாவது ஒரே இடத்தில் திரண்டு தெரிய வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது. இன்னோர் ஆய்வகம் பத்து லட்சம் செல்களை ஓட்டினால் அதே 0.01 சதவீதம் 100 செல்களாகிறது. ஐயத்துக்கு அங்கே இடம் குறைவு. இந்த இரண்டு ஆய்வகங்களும் ‘நெகட்டிவ்’ என்றே எழுதுகின்றன, மருத்துவரும் இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறார். வலையின் கண் எவ்வளவு பெரிது என்று சொல்லாமல் குளத்தில் மீன் இல்லை என்று சொல்வதைப் போன்றது இது.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஊசியில் முதலில் உறிஞ்சப்படும் மஜ்ஜைதான் அடர்த்தியானது. அடுத்தடுத்து இழுக்கும்போது இரத்தம் கலந்து நீர்த்துவிடுகிறது, எஞ்சிய நோயின் அளவும் அதோடு சேர்ந்து பொய்யாகக் குறைந்துவிடுகிறது. முதல் பகுதியைக் கண்ணாடிச் சில்லில் தடவுவதற்கு எடுத்துக்கொண்டு, மீதியை எம்ஆர்டிக்கு அனுப்பும் பழக்கம் மைக்ராஸ்கோப் மட்டுமே இருந்த காலத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கலாம். வந்த மாதிரி நீர்த்திருக்கிறதா என்பதை மாஸ்ட் செல்கள், சிவப்பணுக்களின் முன்னோடிகள் போன்ற மஜ்ஜைக்கே உரிய செல்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை வைத்து ஆய்வகத்தால் ஓரளவு கணிக்க முடியும். கணித்தால், அதையும் ஒரு வரியில் எழுதிவிடலாமே.

இவ்வளவு விவரம் எழுதினால் பெற்றோர் வீணாகக் கலங்குவார்கள் என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். கலங்குவார்கள்தான். ஆனால் விவரமில்லாத அறிக்கையோடு வேறு மருத்துவமனைக்குப் போய், அங்கே மறுபடியும் மஜ்ஜை எடுக்கச் சொல்லும்போது ஏற்படும் கலக்கத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலும், இந்த எண் தனியொரு பிள்ளையின் தலைவிதி அல்ல என்பதையும் விவரமான அறிக்கைதான் உணர்த்தும். மேலே சொன்ன ஆய்வில் நெகட்டிவ் ஆனவர்களிலும் நூறில் 12 பேருக்கு நோய் திரும்பியது அல்லது வேறு இழப்பு நேர்ந்தது. இந்த லுக்கேமியா பி-செல், டி-செல் என்ற இருவகை வெள்ளணுக்களில் எதிலிருந்து தோன்றியது என்பதைப் பொறுத்து இரண்டு வகைப்படும்; டி-செல் வகையில் நோய் மெதுவாகவே கரைகிறது. அதனால் ஐரோப்பியச் சிகிச்சை நெறிமுறைகளில் 33ஆம் நாள் அளவைவிட 78ஆம் நாள் அளவே அவ்வகைக்கு அதிகம் பேசுகிறது. நாளும் நோயின் வகையும் குறிக்கப்படாத எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த எண்ணை நம்பிச் சிகிச்சையைக் கூட்டுவது மட்டுமல்ல, குறைப்பதும் இப்போது நடக்கிறது. பிரிட்டனின் யுகேஏஎல்எல் 2003 ஆய்வில், எஞ்சிய நோய் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு இரண்டு முறை தரப்பட்ட தீவிரச் சிகிச்சைக் கட்டத்தை ஒரு முறையாகக் குறைத்தார்கள். நோய் திரும்புவது குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. சிகிச்சையின் நடுவே கிருமித்தொற்றால் பிள்ளைகளை இழக்கும் நம் நாட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஆழம் போதாத பரிசோதனை தந்த ‘நெகட்டிவ்’ முடிவை நம்பிக் குறைத்தால் விளைவு என்னவாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம், 2018இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, ரிமிஷனில் இருந்தும் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ நோய் எஞ்சியிருக்கும் பி-செல் நோயாளிகளுக்கு பிளினாட்டுமோமாப் மருந்தை அனுமதித்தது. வீட்டை விற்றாவது வாங்கலாமா என்று குடும்பங்கள் யோசிக்கும் விலை அது. அந்த முடிவு தொங்கிக்கொண்டிருக்கும் எண், எப்படிக் கிடைத்தது என்று தெரிந்த எண்ணாக இருக்க வேண்டும்.

ஆய்வகங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. நாட்பட்ட மைலாய்ட் லுக்கேமியா என்ற வேறொரு வகை இரத்தப் புற்றுநோயில், அந்நோய்க்குக் காரணமான பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற இணைந்த மரபணுவின் அளவு சர்வதேச அளவுகோலில் தரப்படுகிறது. அங்கே சிகிச்சைக்கு நோய் ஆழமாகக் கட்டுப்பட்டது என்று சொல்வதற்கு, ஒப்பீட்டுக்கான ஏபிஎல் மரபணுப் பிரதிகள் குறைந்தது 10,000 இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. நம் ஊரிலேயே இன்னொரு முன்னுதாரணம் உண்டு: எம்சிபி-841 என்ற ஒரே சிகிச்சை நெறிமுறையை அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் ஒன்றுபோலப் பின்பற்றியதில்தான் இந்தியப் பிள்ளைகள் பிழைக்கும் வாய்ப்பு முன்பைவிடக் கணிசமாக உயர்ந்தது. சிகிச்சையில் முடிந்த ஒற்றுமை ஒரு பக்க அறிக்கையில் முடியாதா?

இறுதியாக, முதல் நாள் அறிக்கையைப் பற்றி. சிகிச்சைக்குப் பின் மஜ்ஜை மீளும்போது முளைக்கும் இயல்பான இளம் பி-செல்கள் நோய்ச் செல்களைப் போலவே தோன்றக்கூடியவை. ஸ்டீராய்டு மருந்தால் நோய்ச் செல்களின் மேற்பரப்பு அடையாளங்களும் மாறிவிடுகின்றன. நோய் கண்டறியப்பட்ட நாளில் அந்தச் செல்கள் எந்தெந்த அடையாளங்களோடு இருந்தன என்ற பதிவு கையில் இருந்தால், பின்னாளில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. சிகிச்சையின் நடுவில் ஊர் மாறும், மருத்துவமனை மாறும் குடும்பங்கள் பல. ஆகவே முதல் நாள் ஃப்ளோ சைட்டோமெட்ரி அறிக்கையை, சாத்தியமானால் அதன் வரைபடங்களோடும் மூலக் கோப்போடும், கேட்காமலே பெற்றோர் கையில் கொடுத்து, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இதைத் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்டி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
லுக்கேமியா குடும்பங்களுக்குத் துணைநிற்கும் தன்னார்வலர் ஒருவர்