மருதனார்மடத்துக்கா, மொறட்டுவைக்கா?

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. கடைக்குட்டி உயர்தரத்தில் சித்திரத்துக்கு ஏ எடுத்திருக்கிறாள் என்ற வரியை வாசித்ததும், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரே பெட்டி நீர்வர்ணத்தை நாம் இருவரும் பங்கிட்டுப் படம் கீறிய மதியங்கள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. அந்தப் பெட்டியின் நீலத்தை முடித்தவர் நீர்தான் என்பதை இப்போதும் நான் மறக்கவில்லை. பிறகு நீர் வங்கிக்குப் போனீர், நான் சித்திர ஆசிரியனாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆகவே பிள்ளையின் பட்டப்படிப்பைப் பற்றி என்னிடம் கேட்டது பொருத்தமே. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று நீர் கேட்டிருப்பதற்கு ஒரே சொல்லில் விடை எழுத என்னால் முடியவில்லை; ஏனென்றால் சித்திரம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒரு சொல்லுக்குள், ஒன்றுக்கொன்று சுபாவத்தால் வேறுபட்ட நாலைந்து படிப்புகள் ஒளிந்திருக்கின்றன.

கிட்ட உள்ளதிலிருந்து தொடங்குகிறேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்பிள்ளைகளுக்காக மருதனார்மடத்திலும், 1921 இல் ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியிலும் இரண்டு பள்ளிக்கூடங்களைக் கட்டினார் அல்லவா? இன்றைக்கு உமது மகளுக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் இரண்டு வழிகளும் அந்த இரண்டு வளவுகளோடு தொடர்புடையவைதாம். மருதனார்மடத்தில், நாம் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று சொல்லிப் பழகிய இடம், இசைக்கும் நடனத்துக்குமாகத் தொடங்கிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இப்போது தனிப் பீடமாகவே வளர்ந்துவிட்டது. அங்கேதான் சித்திரமும் வடிவமைப்பும் என்ற நுண்கலைமாணிப் பட்டம் இருக்கிறது. திருநெல்வேலியில், பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டது; அங்குள்ள கலைப்பீடத்தின் நுண்கலைத் துறையில் கலைவரலாறு படிக்கலாம். முன்னையது கையால் செய்யப் பழக்குவது. பின்னையது செய்யப்பட்டதைப் பார்க்கவும், அதைப் பற்றி எழுதவும் பழக்குவது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி விண்ணப்பித்து, இரண்டாம் வருடத்தில் தூரிகையைத் தேடித் தவித்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். கலைவரலாற்றைக் குறைத்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். அந்தத் துறையின் பேராசிரியர் தா. சனாதனன் தாமே ஓவியர். இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைக் கொண்டு அவர் ஆக்கிய நூலைப் பார்த்தவர்களுக்கு, வரலாறும் வரைதலும் எவ்வளவு நெருங்கி நிற்கக்கூடியவை என்பது விளங்கும்.

இனி மட்டக்களப்பு. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலைகள் என்றொரு பட்டம் உண்டு. தமிழில் படிக்கவேண்டும், ஆனால் வீட்டை விட்டுச் சற்று விலகி இருக்கவேண்டும் என்று விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல இடம். கொழும்பிலுள்ள கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தை நான் நீட்டி எழுதவில்லை. அங்கே சிங்களம் நன்றாக ஓடவேண்டும், அது உமது மகளுக்கு ஓடாது என்று நீரே எழுதியிருக்கிறீர்.

மொறட்டுவை வேறு உலகம். அங்கே கட்டடக்கலைப் பீடத்துக்குள் வடிவமைப்புமாணி என்ற நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. ஆடை வடிவமைப்புக்கு, நெசவும் ஆடை உற்பத்தியும் கற்பிக்கும் பொறியியல் துறையில் தனியான பட்டம் இருக்கிறது. படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். ஒரு பொருளை, ஒரு பொதியை, ஓர் அறிவித்தலை, அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கையையும் கண்ணையும் பழக்கத்தையும் கவனித்து ஆக்குவதே அங்கே வேலை. படம் நன்றாகக் கீறுகிறவள் என்பதால் மட்டும் பிள்ளையை அங்கே அனுப்பினால், அவள் கீறிய படத்தைப் பார்த்து, இது யாருக்காக என்று முதல் நாளே கேட்பார்கள். ஓவியன் தன்னுடைய கேள்வியிலிருந்து தொடங்குகிறான். வடிவமைப்பாளன் இன்னொருவருடைய தேவையிலிருந்து தொடங்குகிறான். இந்த வேறுபாடு கடதாசியில் சிறியது, நான்கு வருடம் படிக்கிற பிள்ளைக்குப் பெரியது.

இதனை நான் விளங்கிக்கொண்டது எந்த நூலிலும் இல்லை, அம்மாவின் கல்வெட்டை, அதாவது நினைவு மலரை, அச்சடிக்கப் போன இடத்தில்தான். முப்பத்தோராம் நாளுக்கு இருபது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் செய்வித்தோம். பழைய கணினியில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் நான் தட்டெழுதிக் கொண்டுபோன தேவாரமும் வாழ்க்கை வரலாறும் அச்சகத்துக் கணினியில் திறந்தபோது, அம்மாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு வரி நின்றது. அங்கிருந்த இளைஞர் அலட்டிக்கொள்ளாமல் அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிக்கோட்டுக்கு மாற்றினார். மாற்றியதில் சில கொம்புகள் எழுத்தை விட்டு விலகி நின்றன. பிறகு ஏற்கெனவே வைத்திருந்த குத்துவிளக்கும் தாமரையும் போட்ட கரையை எடுத்து, முதல் நாள் வேறொருவருக்குச் செய்த அதே பக்கத்தில் அம்மாவின் படத்தை வைத்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு மென்பொருள் தெரியும், வேகம் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் எவ்வளவு வெளி இருந்தால் எழுபது வயது மனிதர் கண்ணாடியில்லாமல் தேவாரத்தை வாசிப்பார் என்று யோசிக்க ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிசனின் அச்சியந்திரம் ஓடிய, 1841 இலேயே உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த, நாவலர் வண்ணார்பண்ணையில் தாமே அச்சுக்கூடம் வைத்து நூல்களைப் பதிப்பித்த ஊர் இது. இந்த ஊரில் எழுத்தை அடுக்கத் தெரிந்த வடிவமைப்பாளர்களுக்கு வேலையில்லை என்று உமது மனைவி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வேலை இருக்கிறது, அதை வேலையென்று மதித்துக் காசு கொடுக்கத்தான் எங்கள் ஆட்கள் இன்னும் பழகவில்லை.

தொழிலைப் பற்றிக் கேட்டபடியால் ஒளிக்காமல் எழுதுகிறேன். இங்கே சித்திரப் பட்டதாரிகளில் பலர் ஆசிரிய நியமனத்தையே பார்த்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1938 இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கிய எஸ். ஆர். கனகசபையும், அவருக்குப் பின் வந்த அ. மாற்குவும் ஆசிரியர்களாகவே இருந்து யாழ்ப்பாணத்து ஓவியத்தைப் பிடித்து நிறுத்தியவர்கள். மாற்குவின் ஓவியங்களில் எத்தனையோ இடப்பெயர்வில் போய்விட்டன. அவரிடம் படித்தவர்கள் போகவில்லை. ஆனாலும் இன்றைய பிள்ளைக்குச் சம்பளம் தரக்கூடிய வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. இணையத்தளங்களுக்கும் அசைவூட்டத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வடிவமைக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அந்தக் கதவுகளுக்கு மொறட்டுவையிலிருந்து தூரம் குறைவு என்பதை மறைப்பதில் பயனில்லை.

முதலாம் வருடத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எங்கே படித்தாலும் தொடக்கத்தில் கோடு, நிறம், மேற்பரப்பு, களிமண், கடதாசி என்று மாதக்கணக்கில் விளையாட்டுப்போல ஏதோ செய்விப்பார்கள். முழுப்படமாக ஒன்றும் வராது. உமக்கும் மகளுக்கும் அது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். இந்த முறைக்கு ஒரு பெரிய வேர் 1919 இல் செருமனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் இருக்கிறது. கையில் ஏற்கெனவே ஏறியிருக்கும் பழக்கத்தைக் கழற்றிவிட்டு, பொருளைப் புதிதாகத் தொட்டுப் பார்க்க வைப்பதே அதன் நோக்கம். அதே 1919 இல் சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைப்பள்ளியும் தொடங்கியது. மூன்று வருடம் கழித்துக் கல்கத்தாவில் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. தமிழ்நாட்டில், 1850 இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியின் வழிவந்த கல்லூரி இன்றும் இயங்குகிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களைக் கவனித்துக்கொண்டால் அந்த வழியையும் பிறகு பார்க்கலாம். இப்போது அவசரமில்லை.

அவசரமானது உளச்சார்புப் பரீட்சை, அதாவது அந்தப் படிப்புக்குரிய நாட்டமும் திறமையும் பிள்ளையிடம் உண்டா என்று பார்க்கும் பரீட்சை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி நன்றாக இருந்தால் போதும் என்று நீர் எழுதியிருப்பது சரியல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம் ஒன்று; இப்படியான பட்டங்களுக்குச் செய்முறையாகவோ உளச்சார்பாகவோ நடத்தும் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் பத்திரிகையிலும் இணையத்திலும் தனியாக விளம்பரம் செய்யும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். முதலாவதை அனுப்பிவிட்டு இரண்டாவதைத் தவறவிடுகிற பிள்ளைகள் வருடந்தோறும் இருக்கிறார்கள். அனுமதிக் கைநூலை வாங்கி, குறித்த பட்டத்துக்குரிய பக்கத்தை நீரே ஒருமுறை வாசியும். மற்றவர் சொல்லக் கேட்டது போதாது.

பரீட்சைக்கு ஆயத்தம் என்று தொலைபேசியில் உள்ள படங்களைப் பார்த்துக் கீறவிடவேண்டாம். இளவயதில் நானும் ஒரு செய்முறைப் பரீட்சைக்குப் போனேன், உமக்குச் சொல்லியதில்லை. முன்னால் ஒரு மண்பானை, ஒரு குரோட்டன் கிளை, மடித்துப் போட்ட வெள்ளைச் சேலை. நாட்காட்டிப் படங்களைப் பார்த்துக் கீறிப் பழகிய நான், பானையை ஒருதரம் பார்த்துவிட்டு, எனக்கு மனப்பாடமான பானையைக் கீறினேன். மூன்று மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அதன் கழுத்தில் கோலம் போடுவதில் போனது. பரீட்சகர் பின்னால் வந்து நின்று, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது தம்பி என்று மட்டும் கேட்டார். யன்னல் இடப்பக்கம் இருந்தது, நான் நிழலையும் இடப்பக்கமே போட்டிருந்தேன். அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளை நாளைக்கு ஒரு மணி நேரம் வீட்டில் உள்ளதையே கீறட்டும்: அடுப்படியில் கவிழ்த்துவைத்த சட்டிகள், கொடியில் காயும் உடுப்பு, திண்ணையில் தூங்கும் நீர். அழிறப்பரை நீர் வாங்கி வைத்துக்கொள்ளும்.

அவளை எங்கே அனுப்புவது என்பதில் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, மருதனார்மடத்துப் பக்கம்தான். அது என் வயதின் சாய்வாகவும் இருக்கலாம், கொக்குவிலிலிருந்து பேருந்தில் கால் மணித்தியாலம் என்பதாகவும் இருக்கலாம். அவளுக்குப் புத்தகம், அறிவித்தல், பெட்டி, கதிரை என்று செய்து பார்க்கிற குணம் இருந்தால், ஆங்கிலத்துக்குப் பயப்படாமல் மொறட்டுவைக்கு விண்ணப்பிக்கட்டும். எது அவளுடைய குணம் என்பது உமக்கும் எனக்கும் தெரியாது, அவளுடைய கொப்பிகளுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை யாழ்தேவிப் புகையிரதத்தில் இருவரும் வாருங்கள். வரும்போது சட்டம் போட்டு மாட்டியவற்றையும் பரிசு வாங்கியவற்றையும் கொண்டுவரவேண்டாம். பாடக் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களில் படிக்கும் நேரத்தில் களவாகக் கீறியிருப்பாளே, அவற்றை மட்டும் கொண்டுவரச் சொல்லும். போகிற வழியில் இணுவில் கந்தசுவாமி கோயிலில் சுவாமி வீதிவலம் வரும் மஞ்சத்தின் மரச்சிற்பங்களைப் பார்க்கக் கிடைக்குமா என்று கோயிலில் விசாரித்து வைக்கிறேன். கிடைத்தால் முதலில் அங்கே நின்று அவள் ஒரு குதிரையைக் கீறட்டும், பிறகு மருதனார்மடத்துக்குப் போவோம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒடியற்கூழ் வேண்டுமென்றால் வியாழனுக்கு முன் அறிவியும், மீனுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்