நான்காம் நாள், படகிலிருந்து

நண்பர்களே, அட்லாண்டிக்கைக் கடக்க கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி இன்று நான்காம் நாள். எல்லோரும் நலம். முதல் இரண்டு நாள் பற்றி அதிகம் கேட்காதீர்கள். வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். அந்தத் தீவுகளின் இடுக்கில் காற்று வேகம் பிடிப்பதால் அங்கே அலை மோசம். இஞ்சியும் உப்பு பிஸ்கட்டும்தான் காப்பாற்றின.

நாங்கள் போகும் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல். நேராக மேற்கே போகவில்லை. வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் திரும்பு என்பது பழைய மாலுமிகள் கணக்கு. படகை மேற்கே தள்ளும் வடகிழக்கு வணிகக் காற்று அங்கேதான் நிலையாகக் கிடைக்கும். எங்கள் வெண்ணெய் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.

இரவுக் காவல் ஆளுக்கு 3 மணி நேரம். நேற்று என் முறையில் பறக்கும் மீன் ஒன்று மடியில் வந்து விழுந்தது. நான் கத்தியதில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

செயற்கைக்கோள் கருவியில் குறுஞ்செய்தி மட்டும்தான். படம் அனுப்பாதீர்கள். ஒரு நாள் செய்தி வராவிட்டால் பதற வேண்டாம், அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.