ஒரு பெரிய கணினி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்க மின்வெட்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே இடத்தில் பெரிய கணினியை வைத்து நாடு முழுவதையும் நொடிக்கு நொடி கட்டுப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்ததுதான் உறுத்தியது. 2007 கடைசியில் இங்கே மின்வெட்டு தொடங்கியதற்குக் காரணம், புது நிலையங்களைக் காலத்தில் கட்டாததும் பழையவை அடிக்கடி படுத்துக்கொண்டதும்தான். கணினி வந்து அதைத் தீர்த்திருக்காது. சரி, அது ஒருபுறம் இருக்கட்டும்.

பெரிய ஜெனரேட்டர் ஒன்று திடீரென்று நின்றால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் (நொடிக்கு 50 சுற்று) அந்தக் கணமே இறங்கத் தொடங்கும். ஜெர்மிஸ்டனில் இருக்கும், நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் தேசியக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் போய் உத்தரவு திரும்பி வரும்வரை அது காத்திருக்காது. அதனால்தான் ஒவ்வொரு டர்பைனிலும் கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. டர்பைனின் வேகம் குறைவதை அதுவே உணர்ந்து நீராவி வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். அதையும் மீறி அலைவெண் இறங்கினால், சப்ஸ்டேஷனில் உள்ள ரிலே என்னும் தானியங்கிக் கருவிகள் தாமாகவே சில பகுதிகளைத் துண்டிக்கும். தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் கோயில் தலைவரின் உத்தரவுக்காகவா நிற்கிறார்? சக்கரத்தைப் பார்த்துப் போடுகிறார்.

மையமே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று அங்கிருந்துதான் சொல்ல முடியும். ஆனால் அதன் கண் எப்போது வேண்டுமானாலும் மறையலாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனதே, அன்று ஒஹையோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்து கிடந்தது. ஊழியர்களுக்கு அது தெரியவே இல்லை.

அந்தந்த இடத்துக் கருவிகளிடம் விட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. தனித்தனியாக இயங்கினாலும் அவற்றைச் சேர்த்து யோசித்துத்தான் அமைக்க வேண்டும். ஒரு லைன் அறுந்தாலும் ஒரு நிலையம் நின்றாலும் தாங்கும்படி அமைக்க வேண்டும். ஜெர்மனியில் கூரை சோலார் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் நின்றுவிடும்படி ஒரே அளவில் வைக்கப்பட்டிருந்தன. நல்ல வெயில் நாளில் அது நடந்திருந்தால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே அடியில் போயிருக்கும். 2012 முதல் அவற்றைத் தேடித் தேடி மாற்றினார்கள்.

இதே கூத்து எங்கள் சாட்ஸ்வொர்த் தெருவிலும் நடந்தது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த நிமிடத்தில் எல்லா வீட்டுக் கீசரும் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டர் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும். தெருமுனைச் சப்ஸ்டேஷன் ட்ரிப் ஆகும். எதிர்த் தெருவில் டிவி ஓடும், எங்களுக்கு மறுபடியும் மெழுகுவர்த்தி. பல இன்வெர்ட்டர்களில் சார்ஜ் ஆகும் வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு. பொருத்த வருபவர் அதைத் தொடுவதே இல்லை.

எஸ்காம் கணக்கில் நாட்டின் கூரை சோலார் 2024-இலேயே 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வீட்டு சோலாரை மாநகராட்சியில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் படிவத்திலேயே, கரண்ட் வந்தபின் சற்றுத் தாமதித்துத்தான் பேட்டரி சார்ஜ் ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். தாமதம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கட்டும். எல்லோருக்கும் பத்து நிமிடம் என்று வைத்தால், பதினோராவது நிமிடம் அதே கதைதான்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன்