வயிற்று அறுவைக்கும் நேரம் குறியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பது இன்று ஊர்ப்பக்கமும் எல்லோருக்கும் தெரியும். குடல் ஓட்டையானாலும் அப்படித்தான் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. அறுவை சிகிச்சை வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பெரும்பாலும் உடனே பார்த்துவிடுவார்கள். என் கவலையெல்லாம், வேறு நோய்க்காக ஏற்கெனவே வார்டில் படுத்திருப்பவர்களைப் பற்றித்தான். மூச்சுத் திணறலுக்காக ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கும் பெரியவருக்கு அல்சர் (குடல் புண்) வெடித்தால், அந்த மருந்து அறிகுறிகளை மறைத்துவிடும்; வழக்கமாகப் பலகைபோல் இறுகும் வயிறு இறுகாமலே இருக்கலாம். காய்ச்சலும் தெரியாமல் போகலாம். 'கேஸ்தான்' என்று ஒரு ஊசி போடுவார்கள், வலி கொஞ்சம் அடங்கும், ராத்திரி கழிந்துவிடும். நாடித்துடிப்பு கூடுவதையும் சிறுநீர் குறைவதையும் யாராவது கவனித்தால்தான் உண்டு. அப்புறம் சர்ஜனின் கருத்தைக் கேட்டு, சி.டி. ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் தியேட்டர் கிடைப்பதற்குள் ரத்தத்தில் கிருமித்தொற்று பரவியிருக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 முதல், அவசரமாக வயிற்றைத் திறந்து செய்யும் ஒவ்வொரு பெரிய அறுவையையும் பதிவு செய்கிறார்கள். ஸ்கேன் எப்போது எடுத்தது, தியேட்டருக்கு எப்போது போனது, மூத்த சர்ஜனும் மூத்த மயக்க மருத்துவரும் கூட இருந்தார்களா, பிறகு ஐ.சி.யு.வில் இடம் கிடைத்ததா என்றெல்லாம் கணக்கு உண்டு. ஆரம்பத்தில் 30 நாளுக்குள் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இறந்தார்கள். சில ஆண்டுகளில் அது 10-க்குக் கீழே இறங்கியது. கணக்கு எழுதியதால் மட்டுமே குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தாமதமாகிறது என்பது ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தெரிந்தது.

நமது மாநில அவசர சிகிச்சைத் திட்டத்தில் விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகளுக்கான அவசரம் ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடு உண்டு. நல்ல விஷயம். வயிற்றையும் அதில் சேர்க்க வேண்டும். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் காரணத்தைத் தணிக்கை செய்யும் பழக்கம் நமக்கு நெடுநாளாகவே இருக்கிறது. ஆகவே இது முடியாத காரியமும் இல்லை. முதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். வலி என்று நோயாளி சொன்ன நேரம், சர்ஜன் வந்து பார்த்த நேரம், கத்தி வைத்த நேரம் ஆகிய மூன்றையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

- ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை