1968-ன் கன்ட்ரி பாட்டுகளை ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

1968-ஆம் ஆண்டின் அமெரிக்க இசை பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராக், சோல், போர் எதிர்ப்புப் பாடல்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, அமெரிக்கக் கிராமப்புறத்து இசையான கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் என்று வந்ததும் 'குதிரை, தொப்பி, காதல் தோல்வி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டே தன் கன்ட்ரி பட்டியலின் பெயரிலிருந்து 'வெஸ்டர்ன்' என்பதை 1962-ல் எடுத்துவிட்டது. நான் கீழே சொல்லப்போகும் பாட்டுகள் எதிலும் குதிரை கிடையாது. லைன்மேன் இருக்கிறார், கைதி இருக்கிறார், பெண்ணைத் தனியாக வளர்க்கும் விதவை இருக்கிறார்.

'விச்சிட்டா லைன்மேன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி வெப் எழுதி க்ளென் கேம்பல் பாடியது. ஓக்லஹோமாவின் தட்டை நிலத்தில் காரில் போகும்போது, முடிவில்லாமல் போகும் டெலிபோன் கம்பங்களில் ஒன்றின் மேல் ஒரு ஆள் தன்னந்தனியாக வேலை செய்துகொண்டிருந்ததை வெப் பார்த்தார், அவ்வளவுதான், அதிலிருந்து பிறந்த பாட்டு. பனி விழுந்தால் தெற்கே போகும் கம்பி தாங்காதே என்று வேலையைப் பற்றிக் கவலைப்படுகிற அதே மூச்சில், அந்தக் கம்பியின் ரீங்காரத்திலேயே தன் பிரியமானவளின் குரல் கேட்கிறது அவனுக்கு. வெப் இதை முடிக்காமல்தான் அனுப்பினார், மூன்றாவது சரணம் எழுதவே இல்லை. கேம்பல் காத்திருக்கவில்லை. பேஸ் கிட்டார் கலைஞர் கரோல் கேயின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரை வாங்கி, சொல் இல்லாத அந்த இடத்தில் மெட்டை மட்டும் கனமான அடிக்குரலில் வாசித்துவிட்டார். மேலே வயலின்கள் கம்பி அதிர்வதைப் போல மெல்லிசாக இழைகின்றன. அந்தச் சில விநாடிகளுக்காகவே இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

அப்புறம் 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.' டாம் டி. ஹால் எழுதினார், கென்டக்கியில் சிறுவயதில் பார்த்த ஒரு சம்பவத்தை வைத்து. நாஷ்வில்லில் செக்ரெட்டரி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜீனி சி. ரைலி பாடினார். குட்டைப் பாவாடை கட்டுகிறாய், உன் மகளை வளர்க்கும் லட்சணம் சரியில்லை என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு விதவைத் தாய்க்குச் சீட்டு அனுப்புகிறது. அவள் அதே குட்டைப் பாவாடையோடு அன்றைக்கே கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொருவராகக் கேட்கிறாள். தன்னை ஏழு தடவை வெளியே கூப்பிட்டவர், திடீரென்று ஊரை விட்டுப் போன செக்ரெட்டரியைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர், மூச்சில் ஜின் வாடையோடு உட்கார்ந்திருப்பவர் என்று யாரையும் விடவில்லை. இதையெல்லாம் நமக்குச் சொல்வது அந்த மகள்தான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. மூன்று நிமிஷம் சொச்சத்தில் ஒரு முழுச் சிறுகதை! கன்ட்ரி பட்டியல், பாப் பட்டியல் இரண்டிலும் ஒரே பாட்டால் முதலிடம் பிடித்த முதல் பெண் ரைலி. அடுத்ததாக டாலி பார்டன் அதைச் செய்ய 1981 ஆனது.

பாடகி டாமி வைனெட்டுக்கு அந்த ஒரே வருஷத்தில் இரண்டு பெரிய ஹிட். ஒன்றில் நாலு வயசுப் பையனுக்குப் புரியக் கூடாதென்று 'விவாகரத்து' என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்கிறாள் தாய். இன்னொன்று 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்', கணவன் எப்படியிருந்தாலும் கூடவே நில் என்பது. இந்த இரண்டாவது பாட்டைப் பெண்ணுரிமை பேசுகிறவர்கள் கடுமையாகத் திட்டினார்கள், அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் முதலாவதைச் சேர்த்துக் கேட்காமல் அவரைப் பற்றி முடிவுக்கு வருவது சரியில்லை. புகழ் வந்த பிறகும், பாட்டு கைவிட்டால் பிழைப்புக்கு வேண்டும் என்று தன் சிகை அலங்கார லைசென்ஸை விடாமல் புதுப்பித்து வந்தவர் அவர்.

சிறைப் பாட்டுகளுக்கு வருகிறேன். பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன்னால் பாடிய 'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கொலையைப் பற்றிய வரி முடிந்ததும் கேட்கும் அந்த ஆரவாரம் பிறகு சேர்க்கப்பட்டது, அதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் அல்ல. இன்னொரு கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்ட் அனுபவித்தவர், சான் க்வென்டின் சிறையில் கைதியாக இருந்தபோது அங்கே பாட வந்த கேஷைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அதே 1968-ல் ஹேகர்ட் பாடிய 'மாமா ட்ரைட்' எத்தனையோ சொல்லியும் கேட்காமல் போன மகன், தாயின் மேல் பழி விழக் கூடாதென்று எல்லாத் தப்பையும் தானே ஏற்றுக்கொள்கிற பாட்டு. அதில் வருகிற ஆயுள் தண்டனை கற்பனை, ஆனால் ஹேகர்டுக்கு 21 வயது சிறைக்குள்தான் நிறைந்தது என்பது நிஜம்.

வியட்நாமும் தெருப் போராட்டமும் இந்தப் பாட்டுகளில் நேரடியாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருஷம் கம்பம் ஏறியவர்களும் சிறையில் இருந்தவர்களும் வீடு உடைந்தவர்களும் அமெரிக்காவில்தானே இருந்தார்கள்?

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இந்தப் பாட்டுகளின் பெயரையாவது சேருங்கள். பாடியவர்களோடு எழுதியவர்களையும் போடுங்கள்: ஜிம்மி வெப், டாம் டி. ஹால், அப்புறம் அந்த விவாகரத்துப் பாட்டை எழுதிய பாபி பிராடக், கர்லி புட்மன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்