வாய்தா கைப்பேசிக்கே வந்துவிட்டது

ஆசிரியருக்கு,

வணக்கம். நீதிமன்றங்கள் கணினிமயமாவதைப் பாராட்டிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். ஒரு வண்டிப்பாதைக்காக 19 ஆண்டுகளாக முன்சீப் கோர்ட் வராந்தாவில் நிற்கும் வாதி நான். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

முன்பெல்லாம் டவாலி (கோர்ட் சேவகர்) மூன்று தரம் பெயரைக் கூப்பிடுவார். காதில் விழாமல் போனால் வழக்கே தள்ளுபடியாகிவிடுமோ என்ற பயத்தில் டீ குடிக்கக்கூட நகரமாட்டேன். அடித்துப் பிடித்து உள்ளே ஓடினால் "வாய்தா" என்பார்கள். அவ்வளவுதான். இப்போது வழக்குக்கென்று எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கங்கள் தந்திருக்கிறார்கள். கைப்பேசியில் தட்டினால் அடுத்த தேதி வந்துவிடுகிறது. பஸ் காசு மிச்சம், மறுக்கவில்லை. சென்ற மாதம் டீக்கடையில் பிரதிவாதியின் கைப்பேசியும் என்னுடையதும் ஒரே நேரத்தில் சிணுங்கின. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இத்தனை ஆண்டில் நாங்கள் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டது அன்றுதான்.

தேதிக்குப் பக்கத்தில், எதற்காக வாய்தா என்ற இடத்தில் 'ஃபர்தர் ஸ்டெப்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. "அடுத்த படிகள்" என்று படித்துச் சொன்ன பேத்தி, "எந்தப் படி தாத்தா?" என்று கேட்டாள். கோர்ட் வாசற்படியைத் தவிர எனக்கு வேறு படி தெரியாது. கீழமை நீதிமன்றங்களில் தீர்ப்பும் உத்தரவும் தமிழில் இருக்கவேண்டும் என்று 1976-லேயே தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. கணினிக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை போலும்.

அவளே உட்கார்ந்து என் வழக்கின் பழைய தேதிகளை எண்ணினாள். 63. இதில் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கியது எத்தனை, எங்கள் தரப்பு வாங்கியது எத்தனை என்று பிரித்துக் காட்ட அதில் வழியில்லை. (என் வக்கீலும் சளைத்தவர் அல்லர்.) விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது, கொடுத்தாலும் காரணத்தை எழுதவேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது கட்டளை சொல்கிறது. 2002 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. கைமீறிய நிலைமைகளில் மட்டும் விலக்குத் தரலாம் என்றது. அந்த விலக்கே வழக்கமாகிவிட்டது.

மின்னணு நீதிமன்றத் திட்டம் 2007-இல் தொடங்கியது. மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது ரூ. 7,210 கோடி. அதில் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்க மட்டும் இரண்டாயிரம் கோடிக்கு மேல். செய்யட்டும்; கரையான் அரித்த பத்திரத்துக்கு நகல் மனு போட்டு அலைந்தவன் நான். ஆனால் அத்தனை கோடியில் ஒரு சிறு வேலையும் சேர்த்துச் செய்யலாமே! ஒரே தரப்பு நான்காவது முறை வாய்தா கேட்டால் நீதிபதியின் திரையில் அந்த வழக்கு சிவப்பாகத் தெரியட்டும். அவர் தமிழில் ஒரு வரி காரணம் எழுதாமல் அடுத்த தேதி பதிவாகக் கூடாது. அந்த வரி அப்படியே எங்கள் கைப்பேசிக்கு வரட்டும்.

என்னைக் கேட்டால், நான் கண்ணால் கண்ட பெரிய நவீனம் 2004-இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்ததுதான். இரண்டாம் மேல்முறையீட்டுக்குத் தெற்கத்தி ஆட்கள் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டியதில்லை. என் வழக்கு முதல் மேல்முறையீட்டுக்கான சார்பு நீதிமன்றத்தைத் தாண்டி அதுவரை போகுமா, அதற்கு நான் இருப்பேனா என்பது வேறு விஷயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி சிணுங்கியது. அடுத்த மாதம் 17-ஆம் தேதியாம். பக்கத்தில் அதே இரண்டு சொற்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
தென் மாவட்டம்.